மென்பொருள் பட்டியலா, தொலைபேசியா, நேயர் விருப்பமா? சென்னை வானொலியில் பாட்டு வரும் வழிகள்

சென்னையில் 93.5-லிருந்து 98.3-க்கு மாற்றினால், சற்று முன் கேட்ட அதே புதுப்பாட்டு அங்கேயும் ஓடுவது சகஜம். தனியார் எஃப்.எம். நிலையங்கள் பெரும்பாலும் சில புது ஹிட்டுகளையே சுழற்றி, முதல் நாளே மென்பொருளில் பட்டியல் போட்டுவிடுவதுதான் காரணம். இதற்குப் போட்டியாக இரண்டு வழிகள் உண்டு: நேரலைத் தொலைபேசி, முன்கூட்டியே திரட்டும் நேயர் விருப்பம்.

மென்பொருளின் பலம் கணக்கு. ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடம், பேச்சு 4, நிலையத்தின் பெயர் சொல்லும் ஜிங்கிள் 2 என்று வைத்தால் மிச்சம் 42 நிமிடம். பாட்டுக்கு நாலரை நிமிடம் வீதம் 9 பாட்டு போகும். அதில் 3 இடம் புது ஹிட்டுக்கு என்றால், வரிசையாகச் சுழலும் அந்தப் பிரிவில் எத்தனை பாட்டு வைப்பது? 12 வைத்தால் ஒவ்வொன்றும் சரியாக 4 மணி நேரத்துக்கு ஒருமுறை வரும். 24-ஐ 4 மீதியில்லாமல் வகுக்கும் என்பதால், காலை 8 மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறவர் தினமும் ஒரே பாட்டைக் கேட்பார். 11 வைத்தால் நாளை அதே இடத்தில் வேறு பாட்டு வரும். பழைய இடத்துக்குத் திரும்ப 11 நாள் ஆகும். நேயர் “போட்டதையே போடுறாங்க” என்று சொல்வதற்குப் பாதி நேரம் இந்த ஒரு எண்தான் காரணம்.

இடைவெளி விதிகளை வெளிநாட்டு நிலையங்களைப் பார்த்து அப்படியே வைத்தால் தமிழுக்கு ஒத்துவராது. எண்பதுகளின் பாட்டுப் பிரிவில் ‘ஒரே இசையமைப்பாளர் ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப வரக்கூடாது’ என்று போட்டுப் பாருங்கள். இளையராஜா பாட்டே நிறைந்த பிரிவில் மென்பொருளுக்கு வழியில்லை. பட்டியலில் வரிசையாகக் காலியிடம் விழும். அங்கே இசையமைப்பாளர் விதியைத் தளர்த்தி, படம், பாடகர், வேகம் மூன்றையும் இறுக்க வேண்டும். ஜோடிப்பாட்டு என்றால் இரண்டு பாடகர் பெயரும் ஏற வேண்டும். ‘எஸ்.பி.பி.’ என்று ஒரு பதிவும், ‘எஸ்.பி.பாலசுப்ரமணியம்’ என்று இன்னொரு பதிவும் இருந்தால் மென்பொருளுக்கு அவர் இரண்டு பேர். அவர் குரல் அடுத்தடுத்து நான்கு பாட்டில் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த எழுத்துக் கூட்டலைத்தான்.

நேரலைத் தொலைபேசி கலகலப்புக்கு நல்லது, பாட்டுத் தேர்வுக்கு உதவாது. அழைப்பவர்கள் கேட்பவர்களில் மிகச் சிலர். அவர்களிலும் அதே குரல்கள்தான் திரும்பத் திரும்ப வரும். வீட்டு ரேடியோ பக்கத்தில் ஓடினால் குரல் எதிரொலிக்கும். “ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க” என்று சொல்லியே பத்து விநாடி போகும். அதனால் ஒரு பாட்டு ஓடும்போதே அழைப்பைப் பதிவு செய்து, 45 விநாடியாக வெட்டி, அடுத்த பாட்டுக்கு முன் போடுவதுதான் பாதுகாப்பு. பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் பாட்டை நேயரின் வாயில் வரவழைக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். “இந்த மூன்றில் ஒன்று சொல்லுங்க” என்று வெளிப்படையாகவே கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நேயருக்கு உண்மையிலேயே பங்கு கொடுப்பது மூன்றாவது வழிதான். அஞ்சலட்டைக் காலத்து நேயர் விருப்பம் இன்று வாட்ஸ்அப்புக்கு வந்திருக்கிறது, வேலை அதேதான். முதல் நாள் மாலை 6 மணிக்குக் கடைசி நேரம் வைத்து, ஒரு எண்ணுக்கு ஒரு விருப்பம் என்று கட்டுப்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஒரு ரசிகர் மன்றக் குழு நிகழ்ச்சி முழுவதையும் எடுத்துக்கொள்ளும். பெயர், ஊர்ப்பகுதி, பாட்டு, படம், வந்த ஆண்டு என்று அட்டவணை போடுங்கள். ஆண்டு ஏன்? ஒரே தலைப்பில் பழைய படமும் புதிய படமும் இருக்கும். பலர் படப்பெயருக்குப் பதில் நாயகன் பெயரைச் சொல்வார்கள், பல்லவிக்குப் பதில் சரணத்தைப் பாடி அனுப்புவார்கள். தேடிக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும்.

குரல்பதிவை 20 விநாடிக்குள் கேளுங்கள். ஓடும் ஆட்டோவில் பேசியதை எவ்வளவு சுத்தம் செய்தாலும் காற்றிரைச்சல் போகாது. திரும்ப அனுப்பச் சொல்வதே சுலபம். கேட்ட பாட்டு மூன்று மணி நேரத்துக்குள் ஓடியிருந்தால் தள்ளிவிடாமல் மறுநாளுக்கு மாற்றி, அவருக்கே செய்தி சொல்லுங்கள். ஒரே பாட்டைப் பலர் கேட்டிருந்தால் ஆறு பெயருக்கு மேல் வாசித்தால் இழுவை.

உள்ளூர் மக்களுக்காக நடத்தப்படும் சிறு நிலையமான சமுதாய வானொலிக்குக் கணக்கே வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1 முதல் 90.4-ல் ஒலிக்கிறது. இத்தகைய நிலையங்களில் நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி, உள்ளூர் மக்கள் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்பது விதி. 50 வாட் டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு ஹிட் பாட்டுச் சுழற்சியில் பெரிய நிலையங்களோடு மோதுவதில் பயனில்லை. வடசென்னை கானா, கூழ் ஊற்றும் நாளில் பாடும் அம்மன் பாட்டு, ஒப்பாரி இவற்றைப் பதிவு செய்வதே சரி. மின்விசிறியை நிறுத்திவிட்டு, மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். பாடியவரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கி, ஒலிபரப்பாகும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் தெருவில் எல்லோருக்கும் சொல்ல இரண்டு நாளாவது வேண்டும்.