டிசம்பர் கடைசியில தில்லிக்கு தேர்ட் ஏசி, குடும்பத்தோட: என் ரிவியூ

அரையாண்டு லீவுக்கு தில்லியில இருக்கற அக்கா வீட்டுக்கு அம்மா, வீட்டுக்காரர், பசங்கன்னு எல்லாரும் ரயில்லயே போய்ட்டு வந்தோம். வண்டி பேரு போடல, அந்த ஒரு வண்டியை மட்டும் சொல்லி பிரயோஜனம் இல்ல, குளிர்காலத்துல வடக்க போற பல வண்டியோட கதையும் இதுதான்.

முடிவை முதல்லயே சொல்லிடறேன். டைம்டேபிள்ல போட்டிருக்கற நேரம் வரைக்கும் இந்த பயணம் ரொம்ப நல்லா இருக்கு. அந்த நேரம் தாண்டினதுக்கு அப்புறம் வண்டிக்குள்ள இருக்கறவங்க என்ன சாப்பிடுவாங்க, பாத்ரூம்ல தண்ணி இருக்குமான்னு யாருமே யோசிச்சு வைக்கல. பனிமூட்டத்துல வண்டி லேட்டாகறதை நான் குறையா சொல்லவே மாட்டேன், அது உயிர் சமாச்சாரம். லேட்டான வண்டியில இருக்கற ஜனங்களை கவனிக்காம விடறதுதான் குறை.

டிக்கெட்ல இருந்து ஆரம்பிக்கறேன். 2024 நவம்பர் 1ல இருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்குது, அதுக்கு முன்னாடி 120 நாள் இருந்துச்சு. அதாவது கிறிஸ்மஸ் நேரத்து டிக்கெட் அக்டோபர் கடைசியில திறக்கும், காலையில எட்டு மணிக்கு, தீபாவளி அலைச்சல் நடுவுல இதையும் ஞாபகம் வச்சுக்கணும். இன்னொரு முக்கியமான விஷயம் லோயர் பெர்த். 60 வயசுக்கு மேல இருக்கற ஆண்களுக்கும் 45 வயசுக்கு மேல இருக்கற பெண்களுக்கும் லோயர் பெர்த் கோட்டா இருக்கு, ஆனா அவங்க தனியாவோ அந்த மாதிரி ரெண்டு பேராவோ ஒரு டிக்கெட்ல போனாத்தான் அந்த கோட்டா வேலை செய்யும், நம்ம குடும்பத்தோட சேர்த்து ஒரே டிக்கெட்ல போட்டா கிடையாது. எங்க அம்மாவுக்கு அப்பர் வந்துச்சு, முட்டி வலிக்காரங்க, எப்படி ஏறுவாங்க. நல்லவேளை எங்க பெர்த் பக்கத்துல இருந்த ஒரு பையன், போபால்ல இறங்க வேண்டியவன், கேக்கறதுக்கு முன்னாடியே தன்னோட லோயரை விட்டுக் குடுத்துட்டு மேல ஏறி படுத்துட்டான். அம்மா டிக்கெட்டை மட்டும் தனியா போட்டுக்கோங்க, செலவு ஒண்ணும் அதிகமில்ல. மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டண சலுகையைத்தான் 2020 மார்ச்லயே நிறுத்திட்டாங்க, அதை திரும்ப குடுக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை, வருஷத்துக்கு ஒரு தடவை பொண்ணை பார்க்க போற வயசானவங்களுக்கு அது பெரிய காசு.

முதல் நாள் முழுக்க சந்தோஷமாத்தான் போச்சு. காலையில மிளகாப்பொடி தடவின இட்லி, மத்தியானம் புளியோதரை, ஜன்னல்ல ஆந்திரா தெலங்கானா எல்லாம் ஓடி முடிஞ்சு பல்லார்ஷா வந்தா மகாராஷ்டிரா. நாக்பூர் ஆரஞ்சுக்கு இது நல்ல சீசன், பிளாட்பாரத்துல இறங்கி பேரம் பேசாம டக்குனு வாங்கிட்டு ஏறிடணும், வண்டி நகர ஆரம்பிச்சதும் வீட்டுக்காரர் பையைத் தூக்கிட்டு ஓடி வந்து அடுத்த பெட்டியில ஏறினாரு, பெட்டிங்களை இணைக்கற வெஸ்டிப்யூல் வழியா நடந்து வந்து சேர்ற வரைக்கும் எனக்கு உசுரே இல்ல. வண்டியில குடுத்த படுக்கை செட் நல்லா இருந்துச்சு, ரெண்டு ஷீட், தலகாணி, கம்பளி, சின்ன டவல், எல்லாம் டிக்கெட் காசுலயே அடங்கும், ஷீட்டெல்லாம் வெளுத்து இஸ்திரி போட்டு பேப்பர் கவர்ல வந்துச்சு. கம்பளி மட்டும் தினமும் துவைக்கற சாமான் இல்ல, அதனால ஒரு ஷீட்டை உள்பக்கமா வச்சு போர்த்திக்கோங்க. அட்டெண்டர் தம்பி தங்கமான புள்ள, அம்மாவுக்கு கேக்காமலே இன்னொரு கம்பளி கொண்டு வந்து குடுத்துச்சு.

ராத்திரி தூங்கி முழிச்சா குவாலியர் பக்கம் எங்கயோ வண்டி நின்னுட்டு இருக்கு. ஜன்னலுக்கு வெளிய வெள்ளைத்துணி கட்டின மாதிரி, பக்கத்து தண்டவாளம் கூட தெரியல. அம்மா தலைக்கு வைக்கலாம்னு தேங்காண்ணெய் பாட்டிலை எடுத்தாங்க, உள்ள எண்ணெய் வெள்ளையா கட்டிப் போய் கெடக்கு, கவுத்தாலும் சொட்டு வரல. சென்னையில மார்கழியில கூட லேசா உறையறதோட சரி, இங்க ஸ்பூனை விட்டு சுரண்ட வேண்டியதா போச்சு. பசங்களுக்கு அதுவே பெரிய அதிசயம், ஆளாளுக்கு பாட்டிலை வாங்கி வாங்கி பார்த்தாங்க.

இந்த பனி ஏன் இப்படின்னா, மேற்கத்திய இடையூறுன்னு வானிலைக்காரங்க சொல்றது வந்து மழையோ ஈரமோ விட்டுட்டு போகும், அப்புறம் மேகம் இல்லாத ராத்திரியில தரை சில்லுனு ஆகும், காத்தும் அசையாது, அந்த ஈரம் அப்படியே தரையோட மூடிக்கும். கங்கை சமவெளி முழுக்க டிசம்பர் கடைசி, ஜனவரியில இதுதான் நிலைமை. இன்ஜின்ல ஜிபிஎஸ் கருவி ஒண்ணு வச்சிருக்காங்க, அடுத்த சிக்னல் இவ்ளோ தூரத்துல வருதுன்னு லோகோ பைலட்டுக்கு சொல்லிடும், அது இருந்தாலும் பனியில 75 கிலோமீட்டருக்கு மேல ஓட்டக்கூடாது, முன்னாடி இந்த வரம்பு 60தான். தண்டவாளத்துல டெட்டனேட்டர் வைக்கற பழைய பழக்கமும் இன்னும் இருக்கு, சக்கரம் ஏறினதும் வெடிக்கும், சிக்னல் வருதுன்னு அர்த்தம். கண்ணு தெரியாத வெள்ளையில ஆயிரம் பேருக்கு மேல உக்கார வச்சு ஓட்டிட்டு போறாரே அந்த மனுஷன், அவருக்கு என் அஞ்சு ஸ்டாரும்.

கஷ்டம் பெட்டிக்குள்ள. காலையிலயே தில்லி சேர வேண்டிய வண்டிங்கறதால பேன்ட்ரியில, அதான் வண்டியோட சமையல் பெட்டியில, டிபனுக்கு மேல ஒண்ணும் ஏத்தல, பத்து மணிக்கே டீயும் பிஸ்கட்டும்தான்னு கைய விரிச்சுட்டாங்க. அம்மா சுகர் மாத்திரை போடறவங்க, நேரத்துக்கு சாப்பிட்டே ஆகணும். ஆப்ல பிஎன்ஆர் போட்டு ஆக்ராவுல ரொட்டி தால் ஆர்டர் பண்ணேன், கடைக்காரரு போன் பண்ணி உங்க வண்டி எப்ப வரும்னே தெரியல மேடம்னு கேன்சல் பண்ணிட்டாரு. காசு திரும்ப வந்துருச்சு, ஆனா பசிக்கு காசா தின்ன முடியும். மத்தியானத்துக்குள்ள பாத்ரூம்ல தண்ணியும் நின்னு போச்சு. ரயில்வே உதவி நம்பர் 139க்கு போன் பண்ணி புகார் குடுத்தேன், நம்பரோட எஸ்எம்எஸ் வந்துச்சு, அடுத்து நின்ன பெரிய ஸ்டேஷன்ல நிஜமாவே பெட்டிக்கு தண்ணி ஏத்தினாங்க. அதனால சகிச்சுக்காம போன் பண்ணுங்க, வேலை நடக்குது.

எதிர் சீட்ல மதுரா போற ஒரு குடும்பம், அந்த பாட்டி டப்பாவைத் திறந்து மூலி பராத்தாவை, அதான் முள்ளங்கி ரொட்டியை, முதல்ல எங்க அம்மா கையில வச்சாங்க. அம்மாவுக்கு ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது, அந்த பாட்டிக்கு தமிழ் தெரியாது, ஆனா சுகர் மாத்திரை அட்டையைக் காமிச்சதும் அவங்களும் தன்னோட அட்டையை எடுத்துக் காமிச்சாங்க. மிச்சமிருந்த மணத்தக்காளி வத்தல் பொட்டலத்துல பாதியை அம்மா பிரிச்சு குடுத்துட்டாங்க, அக்காவுக்குன்னு எடுத்துட்டு வந்தது, பரவால்ல.

தில்லி சேர்றப்ப இருட்டிடுச்சு. தில்லி பத்தி நீளமா எழுதல, ஒண்ணு மட்டும்: நமக்கு அரையாண்டு லீவு டிசம்பர் கடைசி வாரம், அங்க ஸ்கூலுக்கு குளிர்கால லீவு பெரும்பாலும் ஜனவரியிலதான், அதனால அக்கா பசங்க காலையில ஸ்வெட்டருக்கு மேல கோட்டு போட்டு ஸ்கூலுக்கு கிளம்ப எங்க பசங்க ரஜாய்ங்கற பஞ்சுப் போர்வைக்குள்ள சுருண்டு கெடந்தாங்க, சாயங்காலம்தான் எல்லாரும் ஒண்ணா ஆடினது. ஆர்.கே.புரம் மலை மந்திருக்கு போனோம், அந்த குளிர்ல படி ஏறி முருகனை பார்த்துட்டு அம்மா முகத்துல இருந்த திருப்திக்கே இவ்ளோ தூரம் வரலாம்.

திரும்பி வர்றவங்களுக்கு ஒரு விஷயம், இதை மாமா சொல்லிக் குடுத்தாரு. ஆப்ல உங்க வண்டியை மட்டும் பாக்காதீங்க, எதிர்ல இருந்து வர்ற ஜோடி வண்டி எங்க நிக்குதுன்னு பாருங்க. நிறைய வண்டிகளுக்கு வந்த ரேக்கே, அதாவது அதே பெட்டிங்களே, சுத்தம் பண்ணி திரும்ப போகும், அது இன்னும் ஜான்சி தாண்டலன்னா உங்க வண்டி நேரத்துக்கு கிளம்ப வாய்ப்பே இல்ல, நேரம் மாத்தின அறிவிப்பு ரொம்ப தாமதமாத்தான் வரும். அது தெரிஞ்சதால நாங்க வீட்லயே சாப்பிட்டு, அம்மாவை படுக்க வச்சு, நிதானமா கிளம்பினோம். கிளம்பற ஸ்டேஷன்லயே மூணு மணி நேரத்துக்கு மேல லேட்டுன்னா, போக வேண்டாம்னு முடிவு பண்றவங்க வண்டி நிஜமா கிளம்பறதுக்கு முன்னாடி டிடிஆர்ங்கற ரீஃபண்ட் விண்ணப்பம் போட்டா முழு காசும் திரும்ப கிடைக்கும், இதுவும் பலருக்கு தெரியாது. ஸ்டேஷன்ல கடைசி நிமிஷத்துல பிளாட்பாரம் மாத்தி சொன்னதுதான் ரொம்ப கோவம் வந்த இடம். பெட்டி, பை, பசங்க, முட்டி வலிக்கற அம்மா, அத்தனை கூட்டத்துல பாலம் ஏறி இறங்கணும். போர்ட்டர் ஒருத்தர் பெட்டியை தலையில வச்சுட்டு அம்மா கையை விடாம கூட்டிட்டு வந்தாரு, கேட்டதுக்கு மேலயே குடுத்தோம்.

மொத்தத்துல மூணு ஸ்டார். ராஜ்தானி, சதாப்தி மாதிரி வண்டிங்கள்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல லேட்டானா சாப்பாடு குடுக்கணும்னு விதி இருக்கு, எங்கள மாதிரி சாதாரண சூப்பர்ஃபாஸ்ட்ல வர்றவங்களுக்கும் பனி மாசத்துலயாவது அதை கொண்டு வரணும். பனி வரும்னு ஊருக்கே தெரியுது, அரிசியும் பருப்பும் கூட நாலு மூட்டை ஏத்தி ஒரு கிச்சடி போட்டா போதும், ஜான்சியில ஒரு தடவை எல்லா பெட்டிக்கும் தண்ணி ரொப்பிட்டா போதும். இது ரெண்டும் நடந்தா அடுத்த டிசம்பருக்கே நாலரையா மாத்தி எழுதறேன்.