அலுமாரிக்குள் ஒரு வால்வு: எங்கள் பேஸ்மென்ற் வேலை பற்றி

பிக்கரிங்கில் புதிதாக வீடு வாங்கிய சொந்தக்காரப் பெடியன் ஒருவன் போன கிழமை வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "உங்கட பேஸ்மென்றை ஆரைக் கொண்டு செய்தனீங்கள் அண்ணை? ஆள் பரவாயில்லையோ?" ஓம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் போட முடியவில்லை. வேலை முடிந்தது 2021இல். இவ்வளவு காலம் அதன் மேல்தளத்தில் குடியிருந்ததில் எனக்குச் சேர்ந்திருக்கும் நன்றியையும் எரிச்சலையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன்.

வீடு கனடாவில், ரொறொன்ரோவின் மேற்குப் பக்கமான எற்றோபிக்கோவில், ஐம்பதுகளில் கட்டிய ஒருதள பங்களோ. (தமிழர் நிறைந்த ஸ்காபுரோவுக்கு வெளியேயும் நாங்கள் இருக்கிறோம்.) பக்கவாசல் ஏற்கெனவே இருந்ததால், நகரசபையில் பெர்மிட் எடுத்து, வாடகைக்கு விடக்கூடிய இரண்டாவது வீடாகக் கீழ்த்தளத்தை மாற்றுவதுதான் திட்டம். பேசிய தொகை 65,000 டொலரும் வரியும். காசாகத் தந்தால் 13 வீத எச்எஸ்ரி விற்பனை வரியை விடலாம் என்று எல்லாரையும் போல எங்கள் ஒப்பந்தக்காரரும் சொன்னார். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால், பின்னால் சொல்லப்போகும் வால்வுக்கான நகரசபை மானியமும் இல்லை, நாளைக்குப் பிரச்சினை வந்தால் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. மாட்டேன் என்றேன். முகம் சுருங்கினாலும் ஒப்புக்கொண்டார். அந்த வசந்தத்தில் மரவிலை தாறுமாறாக ஏறியதும், "மரம் எங்கயோ போட்டுது அண்ணை" என்று தொடங்கினார். ஒப்பந்தத்தில் எழுதிய மதிப்பீட்டுக்கு மேல் 10 வீதத்துக்கு அதிகமாகக் கேட்க ஒன்ராறியோவின் நுகர்வோர் சட்டம் விடாது. வேலையை மாற்றி நாங்கள் சம்மதித்தால் மட்டும்தான் அது வேறு கதை. அதைச் சொன்னதும் பேச்சு நின்றது.

இனி, நியாயமாகச் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். வேலை சுத்தம். படுக்கையறையில் நெருப்பு நேரத்தில் ஆள் வெளியேறக்கூடிய யன்னல் வேண்டும்: திறந்தால் குறைந்தது 0.35 சதுர மீற்றர் இடைவெளி, எந்தப் பக்கமும் 380 மி.மீ.க்குக் குறையக்கூடாது. அத்திவாரக் கொங்கிறீற்றை அதற்காக வெட்டினார்கள். வெளியே யன்னலுக்கு முன் தோண்டிய குழியில் பலர் கொஞ்சம் கல்லைக் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் குழாய் இறக்கி, அதை அத்திவாரத்தைச் சுற்றி ஓடும் வடிகுழாயோடு சேர்த்தார். இன்றுவரை அந்த யன்னலடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மின்வேலைக்கு மருமகனைக் கொண்டுவரப் பார்த்தார். உரிமம் உள்ள மின் ஒப்பந்தக்காரர்தான் வேண்டும் என்றதும் முணுமுணுக்காமல் ஆளைப் பிடித்துத் தந்தார்.

கீழ்வீட்டின் உட்கூரையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மரச்சட்டங்களுக்கு இடையில் கண்ணாடிநார்ப் பஞ்சு இல்லை, ரொக்வூல் எனும் கல்கம்பளி. அதற்குக் கீழே அதிர்வை வாங்கும் உலோகப் பட்டி. அதற்கும் கீழே நெருப்பைத் தாங்கும் எட்டில் ஐந்து அங்குல ட்ரைவோல் எனும் ஜிப்சம் பலகை. நெருப்பு மேலும் கீழும் பரவாமல் இருக்கச் செய்த வேலை, சத்தத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் வால் மட்டும் இல்லாத இரண்டு குரங்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கீழே இருக்கும் தாதி, இரவுவேலை முடிந்து வந்து பகலில் படுப்பவர், ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை. புகை அலாரங்கள் மட்டும் மேலும் கீழும் இணைந்தவை. நான் கத்தரிக்காய் பொரித்தால் அவரும் எழும்பத்தான் வேண்டும்.

சரி, இப்போது அந்த வால்வு.

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் பெருமழை பெய்தால் தெருச் சாக்கடை நிரம்பி, வந்த வழியே திரும்பி, பேஸ்மென்ற் நிலத்து வடிகாலால் மேலே வரும். அதைத் தடுக்கத்தான் வீட்டிலிருந்து வெளியேறும் பெரிய குழாயில் ஒரு பின்னோட்டத் தடுப்பு வால்வு போடுவது. வழமையில் அதன் மடல் கீழே படுத்திருக்கும். தண்ணீர் எதிர்ப்பக்கமாக வந்தால் மிதந்து எழும்பி வழியை அடைக்கும். ரொறொன்ரோ நகரசபை அப்போது செலவில் 80 வீதத்தை, 1,250 டொலர் வரை, திருப்பித் தந்தது. (பிக்கரிங் வேறு நகரம். தம்பி, உனக்கு இது பொருந்தாது, உன் நகரசபையைக் கேள்.) மடலில் தலைமுடியும் கொழுப்பும் படிந்தால் சரியாக மூடாது. அதனால் இடைக்கிடை மூடியைத் திறந்து துடைக்கவேண்டும்.

குழாய் தெருப்பக்கமாக வெளியேறுவதால் வால்வு வீட்டின் முன்பக்கம் வந்தது. யன்னலும் அங்கேதான், ஆகவே படுக்கையறையும் அங்கேதான். அதுவரை பிழையில்லை. வரைபடத்தில் சுவரலுமாரி எதிர்ச்சுவரில் இருந்தது. ஒருநாள் வேலையால் வந்து பார்க்கிறேன், அலுமாரி வால்வுக்கு மேலே நிற்கிறது! கேட்டால், "அலுமாரிக்குள்ள இருந்தால் வடிவு அண்ணை, கண்ணுக்குத் தெரியாது." நகரசபைப் பரிசோதகர் வந்தார், அலுமாரிக் கதவைத் திறந்தார், மூடி கைக்கெட்டுகிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவரைக் குறைசொல்ல ஏலாது. கைக்கு எட்டுகிறதுதான். அந்தக் கை ஒரு வாடகைக்காரரின் சப்பாத்துகளையும் இரண்டு சூட்கேசுகளையும் கடந்து போகவேண்டும் என்பது சட்டத்தில் இல்லை.

வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் நுழைய 24 மணித்தியாலத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்கவேண்டும். அதில் தவறே இல்லை. ஆனால் ஒரு மூடியைத் துடைக்க நான் கடிதம் எழுதி, அவர் நித்திரை கொள்ளாத நேரம் பார்த்து, அவருடைய உடுப்புகளுக்குக் கீழே முழங்காலில் நின்று, தலையில் கோட் ஹாங்கர் இடிபட... ஒவ்வொரு முறையும் அலுமாரியை அங்கே வைத்த அந்த மனிசனை நினைக்காமல் இருந்ததில்லை.

2024 யூலை 16. பியர்சன் விமான நிலையத்தில் மட்டும் கிட்டத்தட்ட 98 மி.மீ. மழை. டொன் வலி பார்க்வே நெடுஞ்சாலை ஆறாகிவிட்டது. நான் வேலையில். கீழ்வீட்டுத் தாதிக்கு அழைத்து, அலுமாரிக்குள் பார்க்கச் சொன்னேன். சூட்கேஸ்களை இழுத்துப்போட்டு, உள்மூடி கண்ணாடிபோல் தெளிவானதென்பதால் ஃபோன் வெளிச்சம் அடித்து ஒரு காணொளி அனுப்பினார். மடல் எழும்பி நின்றது. மடல் மூடியிருக்கும்போது எங்கள் தண்ணீருக்கும் போக வழியில்லை, குளித்தால் அது எங்கள் வடிகாலாலேயே வரும். மேலே குழாயொன்றும் திறக்கவேண்டாம் என்று மனைவிக்குச் சொன்னேன். பின்னேரம் வந்து பார்த்தால் நிலம் காய்ந்தபடி. தெருவில் மற்ற வீடுகளில் கம்பளமும் சோபாவும் புல்லில் கிடந்தன.

நன்றி சொல்ல ஒப்பந்தக்காரருக்கு அழைத்தேன். சந்தோசப்பட்டார். அப்படியே, அந்த அலுமாரியை எதிர்ச்சுவருக்கு மாற்றித் தர எவ்வளவு என்று கேட்டேன். 1,800 டொலராம். வரி வேறு. வரைபடத்தில் இருந்த இடத்துக்குக் கொண்டுபோக! "இந்தக் கிழமை வந்து பாக்கிறன் அண்ணை" என்றார். அது எந்தக் கிழமை என்று இன்னும் தெரியாது.

இன்னொரு விசயத்தையும் அவர் பக்கத்துக்கு எழுதிவிடுகிறேன். தொகையில் 10 வீதத்தை வேலை முடிந்து 60 நாள் வரை சட்டப்படி பிடித்து வைத்தபோது, "என்னில நம்பிக்கையில்லையோ" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் தன் ஆட்கள் எல்லாருக்கும் காசு கொடுத்திருந்தார். தனக்கு வரவேண்டிய காசு வரவில்லை என்று ஒருவரும் எங்கள் வீட்டின்மேல் உரிமைப்பதிவு போடவில்லை. இந்த ஊரில் அது சின்ன விசயம் இல்லை.

ஆக, ஐந்துக்கு இரண்டு. யன்னலுக்கும் கூரைக்கும் நாலரை கொடுக்கலாம், தெரியும். இதை எழுதுவது சனிக்கிழமை காலை மூடியைத் துடைத்துவிட்டு வந்து. மழை நாளில் கேட்டிருந்தால் ஐந்து போட்டிருப்பேன்.

தம்பி, நம்பர் வேணுமெண்டால் தாறன், ஆளை எடு. வால்வுக்கு மேலே எதுவும் வராது என்று ஒப்பந்தத்தில் எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கு. என்ரை பேரை மட்டும் சொல்லாதை, விலையைக் கூட்டிப்போடுவார்.