நோசோமியா, ஹிகாரியா, கொடாமாவா? டோக்கியோ–ஒசாகா புல்லட் ரயில்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

டோக்கியோவிலிருந்து ஷின்-ஒசாகா வரை நீளும் டோகாய்டோ ஷின்கான்சென் எனும் புல்லட் ரயில் பாதையில் நோசோமி, ஹிகாரி, கொடாமா என மூன்று வகை ரயில்கள் ஓடுகின்றன. மூன்றும் 16 பெட்டிகள் கொண்டவை. மூன்றுக்கும் உச்ச வேகம் மணிக்கு 285 கிலோமீட்டர்தான். வேறுபாடு முழுவதும் நிறுத்தங்களில் இருக்கிறது. பாதையிலுள்ள 17 நிலையங்களில் ஆறில் மட்டும் நிற்கும் நோசோமி ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் ஒசாகா சேர்கிறது. எல்லா நிலையங்களிலும் நிற்கும் கொடாமாவுக்கு நான்கு மணி நேரம் ஆகிறது. இடைப்பட்ட ஹிகாரி மூன்று மணி நேரத்தை ஒட்டி வருகிறது.

கட்டணத்தைப் பார்த்தால், சாதாரணப் பருவத்தில் முன்பதிவு இருக்கைக்கு நோசோமியில் 14,720 யென், மற்ற இரண்டிலும் 14,400 யென். முன்பதிவில்லாப் பெட்டியில் மூன்றுக்கும் ஒரே கட்டணம், 13,870 யென். ஆக, ஹிகாரியில் ஏறினால் 320 யென் மிச்சமாகும். அதற்கு ஈடாக அரை மணி நேரம் போகும். தவிர, நெரிசல் வேளையில் நோசோமி மணிக்குப் பத்துக்கு மேல் புறப்படும்போது ஹிகாரி இரண்டுதான் என்பதால், ஒன்றைத் தவறவிட்டால் நடைமேடையில் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அப்படியிருந்தும் வெளிநாட்டுப் பயணிகள் பல ஆண்டுகளாக ஹிகாரியையே தேடிப் போனதற்குக் காரணம், குறித்த நாட்களுக்கு வரம்பின்றிப் பயணிக்க அவர்களுக்கு விற்கப்படும் ஜப்பான் ரயில் பாஸ். அந்தப் பாஸில் அப்போது நோசோமிக்கு இடமில்லை, ஹிகாரிக்கு உண்டு. 29,650 யென்னுக்குக் கிடைத்த ஏழு நாள் பாஸ், டோக்கியோ–ஒசாகா சென்று திரும்பும் செலவிலேயே கிட்டத்தட்ட ஈடாகிவிட்டது. 2023 அக்டோபரில் அதே பாஸ் 50,000 யென் ஆனது. கூடவே, ஒரு வழிக்கு 4,960 யென் கூடுதலாகச் செலுத்தினால் நோசோமியிலும் ஏறலாம் என்று விதி தளர்ந்தது. இந்த இரு நகரங்களுக்காக மட்டும் இன்று பாஸ் வாங்குவது வீண் செலவு. பாஸ் இல்லையென்றால், ஒசாகா செல்பவர் ஹிகாரியைத் தேர்ந்தெடுப்பதற்குப் பெரிதாகக் காரணம் எதுவும் மிஞ்சுவதில்லை. ஷிசுவோகா, ஹமாமட்சு போன்ற நோசோமி நிற்காத ஊர்களுக்குப் போகிறவர்களுக்கும், ஹிகோனே கோட்டையைப் பார்க்க மைபாராவில் இறங்குகிறவர்களுக்கும்தான் அது உண்மையில் உதவுகிறது.

என் பார்வையில் நோசோமிக்கு நேர் போட்டி கொடாமாதான். 1964 அக்டோபர் 1-ஆம் தேதி இப்பாதை திறக்கப்பட்டபோது, அன்றைய அதிவேக வண்டியான ஹிகாரியே டோக்கியோவிலிருந்து ஒசாகா போக நான்கு மணி நேரம் எடுத்தது. எல்லா இடத்திலும் நின்று செல்லும் இன்றைய கொடாமாவும் அதே நேரத்தில் போய்விடுகிறது. அந்த நான்கு மணி நேரத்தில் கணிசமான பங்கு வழிவிடுவதில் கழிகிறது. ஒடாவாரா, ஷின்-ஃபூஜி போன்ற நிலையங்களில் கொடாமா ஓரத் தடத்தில் ஒதுங்கி ஐந்து நிமிடம் வரைகூட நிற்கும். அப்போது நடுத்தடத்தில் நோசோமி ஒன்று கடந்தால் நின்றுகொண்டிருக்கும் பெட்டி பக்கவாட்டில் ஒருமுறை உலுக்கப்படுவதை இருக்கையிலேயே உணரலாம். (மலைக்கும் கடலுக்கும் நடுவே இடுங்கிய அடாமியில் மட்டும் ஒதுங்கத் தடமே கிடையாது.) 2023 அக்டோபர் இறுதியோடு சாதாரணப் பெட்டிகளில் தள்ளுவண்டி விற்பனை நின்றுவிட்டதால், இப்படி வண்டி நிற்கும் வேளையில் நடைமேடைக் கடைக்கு ஓடிப்போய் உணவுப் பொட்டலம் வாங்கி வருவது கொடாமா பயணிக்கு வாய்க்கும் வசதி. ஆனால் ரயில் ஒரு நொடிகூடத் தாமதிக்காது, கடிகாரத்தில் கண் இருக்க வேண்டும்.

கொடாமாவின் பெரிய கவர்ச்சி 'புராட்டோ கொடாமா' எனும் சலுகைச் சீட்டு. வழக்கமான கட்டணத்தைவிடக் கணிசமாகக் குறைவு. ஆனால் முந்தைய நாளுக்குள் வாங்கிவிட வேண்டும், குறித்த வண்டியைத் தவறவிட்டால் அடுத்த வண்டியில் ஏற முடியாது. நேரம் நிச்சயமில்லாதவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஃபூஜி மலையைப் பார்ப்பதில் மூன்றுக்கும் பேதமில்லை. ஒசாகா நோக்கிச் செல்லும்போது வலப்பக்க ஜன்னலோரமான 'E' வரிசை இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். நோசோமியில் என்றால் புறப்பட்டு முக்கால் மணி நேரத்தில் மலை வந்துவிடும், மேகம் வழிவிட்டால். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பயணப் பெட்டிகளுக்கு எந்த வண்டியானாலும் அதற்குரிய இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். செய்யாமல் ஏறினால் 1,000 யென் கட்ட நேரிடும்.

ஆண்டிறுதி, ஏப்ரல் இறுதியில் தொடங்கும் தங்க வாரம், ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் ஆகிய விடுமுறைக் காலங்களில் இந்தக் கணக்கு தலைகீழாகும். அந்நாட்களில் நோசோமியின் எல்லாப் பெட்டிகளும் முன்பதிவுக்கு மட்டுமே. முன்பதிவில்லாச் சீட்டோடு ஏறுபவர் கதவோரத்தில் நின்றபடி பயணம் செய்யலாம், உட்கார இடம் கிடைக்காது. கடைசி நேரத்தில் கிளம்புகிறவர் அப்போது வரிசையில் சற்று முன்னதாகவே நின்று, ஹிகாரி அல்லது கொடாமாவின் முன்பதிவில்லாப் பெட்டியில் இடம் பிடிப்பதே மேல்.