பாக்கெட்டா, பால்காரரா, பால்மாவா: ஒரு கோத்தகிரி அடுப்படிக் கணக்கு

எங்கள் வீட்டில் பால் பவுடருக்குப் பெயர் பால்மா. அம்மாயி இலங்கை மலைத்தோட்டத்தில் பிறந்தவர். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி கடல் தாண்டி வந்து, மண்டபம் முகாமில் தங்கி, அப்புறம் நீலகிரித் தேயிலைக் காட்டுக்கு ஏறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அரிசி மாவு, கோதுமை மாவு மாதிரி இதுவும் ஒரு மா. வந்து ஐம்பது வருடம் ஆகியும் அந்தச் சொல் மட்டும் மாறவில்லை.

அதனால் பால் செலவைக் குறைக்கப் பவுடர் வாங்கலாமா என்ற பேச்சு வந்தபோது வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. முகம் சுளிக்க வைத்தது கணக்குதான். நாலு பேர் உள்ள வீடு. தினமும் அரை லிட்டர் நீல பாக்கெட் மூன்று வாங்கிக்கொண்டிருந்தோம். ஒன்று 20 ரூபாய், மாதம் 1,800. இதைக் குறைக்க வேண்டும். எதிரே நாலு வழி: பாக்கெட்டே தொடர்வது, பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் கிராமம்) வரும் பால்காரர், பவுடர், டெட்ரா பேக்.

முதலில் பவுடரை லிட்டர் கணக்கில் பார்த்தேன். பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர். மீதி இருப்பதுதான் பவுடர். கொழுப்பு நீக்கிய பவுடர் என்றால் சுமார் 90 கிராமைக் கரைத்தால் ஒரு லிட்டர் பால் வரும். எங்கள் கடையில் அரை கிலோ 210 ரூபாய். அப்படியானால் லிட்டர் 38 ரூபாய். நீல பாக்கெட் லிட்டர் 40. இரண்டு ரூபாய் மிச்சம் என்று சந்தோஷப்படுவதற்குள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நீல பாக்கெட்டில் 3 சதவீதம் கொழுப்பு இருக்கிறது, இந்தப் பவுடர் பாலில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஆடையில்லாத பாலை இரண்டு ரூபாய் குறைத்து வாங்குவதை யார் லாபம் என்பார்கள்?

கொழுப்போடு கூடிய முழுப்பால் பவுடரும் இருக்கிறது. அது லிட்டருக்கு 125 கிராம் பிடிக்கும். கிலோ 480 ரூபாய்க்குக் கீழே கிடைத்தால்தான் லிட்டர் 60 ரூபாய்க்கு விற்கும், கொழுப்பு கூடிய ஆரஞ்சுப் பாக்கெட்டை அது வெல்லும். எனக்கு அந்த விலையில் கிடைக்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர் ஒரு யோசனை சொன்னார். பாதி நல்ல பால், பாதி பவுடர் பால் கலந்துவிடு, செலவு பாதியாகும் என்று. சரி, பார்ப்போமே. அரை லிட்டர் ஆரஞ்சு 30 ரூபாய், அதோடு அரை லிட்டர் பவுடர் பால் 19 ரூபாய், ஆக மொத்தம் 49. ஆரஞ்சில் 6 சதவீதம் கொழுப்பு, பாதியாகக் கலந்தால் 3. அதாவது வீட்டில் உட்கார்ந்து 40 ரூபாய் நீல பாக்கெட்டை 49 ரூபாய்க்குத் தயாரித்திருக்கிறேன்!

இதில் வியக்க ஒன்றுமில்லை. நீல பாக்கெட்டின் பிறப்பே அப்படித்தான். சமன்படுத்தப்பட்ட பால் என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதே, அதை 1940களில் பம்பாயில் கொண்டுவந்தவர் தாரா குரோடி. கொழுத்த எருமைப் பாலில் தண்ணீரும் கொழுப்பு நீக்கிய பவுடரும் சேர்த்து, கைக்கெட்டும் விலையில் நிறைய பேருக்குப் பால் கிடைக்கச் செய்தார்கள். நாம் வீட்டில் செய்ய நினைக்கும் வேலையைப் பால் பண்ணை முன்பே மொத்தமாகச் செய்து முடித்துவிட்டது. ஏற்கெனவே நீட்டிய பாலை இன்னும் நீட்டினால் தண்ணீர்தான் மிஞ்சும்.

அப்படியானால் பவுடர் வேண்டாமா? வேண்டும். லிட்டர் கணக்கை விட்டுவிட்டு, வீணாகும் கணக்கைப் பார்த்தபோதுதான் அது புரிந்தது. மூன்றாவது பாக்கெட்டை ஒரு வாரம் கூர்ந்து கவனித்தேன். யாராவது வந்தால் இருக்கட்டும் என்று வாங்குவது அது. யாரும் வராத நாளில் மறுநாள் தயிராகும். தயிர் ஏற்கெனவே இருக்கும். கோத்தகிரிக் குளிரில் தயிர் சோறு எத்தனை நாள் இறங்கும்? மோராகி, புளித்து, கடைசியில் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போகும். மாதத்துக்குப் பதினைந்து லிட்டர் ஆகும் அந்தப் பாலில் உண்மையில் எங்களுக்குத் தேவைப்பட்டது ஐந்து லிட்டர்கூட இல்லை. அந்த ஐந்து லிட்டரை அரை கிலோ பவுடர் தாராளமாக ஈடுகட்டும். இப்போது இரண்டு பாக்கெட்டுக்கு மாதம் 1,200, பவுடருக்கு 210. மிச்சம் 390 ரூபாய். பவுடர் மலிவு என்பதால் வந்த மிச்சமில்லை இது. வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் கரைக்க முடிகிறது, அவ்வளவுதான்.

தயிரிலும் ஒரு லாபம் உண்டு. அரை லிட்டர் நீல பாலை வெதுவெதுப்பாக ஆற்றி, குவித்த இரண்டு கரண்டி பவுடரைக் கட்டியில்லாமல் கலந்து, பிறகு உறை ஊற்றினால், வெட்டி எடுக்கிற மாதிரித் தயிர் வருகிறது. இங்கே குளிரில் தயிர் உறைய வைப்பதே ஒரு போராட்டம். ஹாட்பாக்ஸில் வைத்து, மேலே பழைய கம்பளியைப் போர்த்திவிடுவோம். முன்பெல்லாம் கெட்டித் தயிர் வேண்டுமென்றால் ஆரஞ்சுப் பாக்கெட் வாங்குவேன். இப்போது இல்லை.

டீக்கு மட்டும் பவுடர் போதுமா என்றால், செய்யும் விதத்தில் இருக்கிறது. கொதிக்கும் டீயில் நேராகப் பவுடரைக் கொட்டினால் மேலே வெள்ளைக் குருணை மிதக்கும். முதல் தடவை நான் அதைத்தான் செய்தேன். அம்மாயி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தேத்தண்ணியில மாவ கொட்டாத புள்ள. கப்புல போட்டு, கொஞ்சமா வெதுவெதுத் தண்ணி ஊத்திக் கொழை. அப்புறமா சாயத்த ஊத்து."

அவ்வளவுதான் ரகசியம். கிளாஸில் ஒன்றரை கரண்டி பவுடர், இரண்டு கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர், விழுதாகக் குழைத்து, மேலே சூடான டிக்காக்‌ஷன். குடிக்கும் பாலாக வேண்டுமானால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரமாவது வைத்துவிட்டுக் குடியுங்கள். உடனே குடித்தால் நாக்கில் மாவு தட்டும்.

டெய்ரி ஒயிட்னரைப் பால் பவுடர் என்று நினைத்து வாங்குகிறவர்கள் பின்பக்கத்தை ஒரு முறை படிக்கவும். பல பாக்கெட்டுகளில் 18 சதவீதம் வரை சர்க்கரை. கிலோவில் 180 கிராம் சர்க்கரையைப் பால் விலைக்கு வாங்குகிறீர்கள். பயணத்துக்கும் பத்து ரூபாய் பாக்கெட்டுக்கும் சரி, மாதச் சாமானில் அதற்கு இடமில்லை. தயிருக்கும் ஆகாது. கைக்குழந்தைக்கு இவற்றில் எதையும் கரைத்துக் கொடுக்கக் கூடாது. அவர்களுக்கான பால்மாவு தனி, அதுவும் மருத்துவர் சொன்னால்தான்.

பவுடரின் பெரிய எதிரி இந்த மலையேதான். பாலில் உள்ள சர்க்கரை காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி மழையில், பனிமூட்டம் ஜன்னல் வழியாகச் சமையலறைக்குள் வந்து உட்காரும் ஊர் இது. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு கிலோ பாக்கெட் வாங்கி, வாய்க்குக் கிளிப் போட்டு, கெட்டில் பக்கத்தில் வைத்தேன். பத்தாம் நாள் பார்த்தால் செங்கல். அம்மாயி தூக்கிப் போட விடவில்லை. தேங்காய்த் துருவியில் வைத்துத் துருவ ஆரம்பித்துவிட்டார். துருவியதை நானும் டீயில் போட்டேன், கரையவே இல்லை. அன்றிலிருந்து அரை கிலோதான், இறுக்கமான எவர்சில்வர் டப்பாதான், காய்ந்த கரண்டிதான். கிலோ பாக்கெட்டில் கிடைக்கும் தள்ளுபடி எங்கள் ஊருக்கானது அல்ல.

பால்காரர் விஷயத்தில் நான் நடுநிலையாளன் இல்லை. கறந்த பால் ருசிக்கு முன்னால் மற்ற மூன்றும் நிற்காது. விலை லிட்டருக்கு 50 ரூபாய், நீல பாக்கெட்டை விடப் பத்து அதிகம். ஆனால் அந்தப் பத்தைச் சும்மா எழுதிவிடக் கூடாது. தினமும் அரை லிட்டர் வாங்கிய மாதங்களில் ஆடையைச் சேர்த்து உருக்கினால் கால் கிலோ நெய் கிடைத்தது. அதையும் சேர்த்தால் கறந்த பால்தான் மலிவு. சிக்கல் வேறு. மாட்டுக்குச் சினை முற்றினால் பால் நிற்கும். மழை வலுத்தால் அவர் மேலேறி வர மாட்டார். வந்தாலும் சில நாள் மழை அவருக்கு முன்பே கேனுக்குள் இறங்கியிருக்கும். நேரில் கேட்டால், "ஈரப் புல்லுங்கண்ணா" என்பார். ஆடை சேர்க்கிற பொறுமையும் பாலைக் காய்ச்ச விடிகாலையில் எழும் ஆளும் இருக்கிற வீடு அவரிடமே வாங்கட்டும்.

டெட்ரா பேக் எப்போதும் பாக்கெட்டை விட விலை அதிகம். 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜிஎஸ்டி இல்லை, ஆனாலும் தினப்பாலுக்கு அது சரிவராது. பிரிக்காத வரை வெளியிலேயே மாதக்கணக்கில் இருக்கும். பிரித்தால் ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள்.

இருந்தாலும் ஒன்றை எப்போதும் வைத்திருக்கிறேன். காரணம் 2009 நவம்பர். நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்த மண்சரிவு. சாலைகள் அறுந்து, பால் வண்டி வராமல் போன நாட்கள். அப்போது வீட்டில் பால்மாவும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் தேத்தண்ணியோடு வெல்லத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தோட்டத்தில் வளர்ந்த அம்மாயிக்கு அது புதிதில்லை, எங்களுக்குத்தான் புதிது. மழை சீசன் தொடங்கும் முன் அரை கிலோ பவுடரும் ஒரு லிட்டர் டெட்ரா பேக்கும் அலமாரியில் ஏறிவிட வேண்டும் என்பது அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு.

இந்த வருட டெட்ரா பேக் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. தேதி முடிய மூன்று வாரம். அதற்குள் சாலை எதுவும் அடைபடாவிட்டால் சேமியா பாயசம் என்று அம்மாயி முந்திரிகூட எடுத்து வைத்துவிட்டார்.