சீபேனலில் பிஎச்பி எக்ஸ்டென்ஷன்: நாலு வருடப் புழக்கத்தில் தெரிந்தவை

சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு மளிகைக் கடை. மூன்றின் அகப்பக்கங்களும் ஓடுவது, பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் மலிவான ஷேர்ட் ஹோஸ்டிங்கில். சர்வரில் சீபேனல் என்ற கட்டுப்பாட்டுப் பலகை, அடியில் கிளவுட்லினக்ஸ் இயங்குதளம். தளத்தை இயக்கும் பிஎச்பி மொழிக்குக் கூடுதல் வசதி தருபவை எக்ஸ்டென்ஷன்கள்; வேண்டியவற்றின் பெட்டியில் டிக் போடுவது அரை நிமிட வேலைதான். எந்த பிஎச்பி வெர்ஷனுக்குப் போட்டோம் என்பதில்தான் தலைவலி.

'சாப்ட்வேர்' பகுதியில் 'செலக்ட் பிஎச்பி வெர்ஷன்' இருக்கும். அதில் 'நேட்டிவ்' என்று காட்டினால் எதையும் தொட முடியாது. 8.2, 8.3 என எண் போட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் பெட்டிகள் திறக்கும். 'சேவ்' பட்டனைத் தேட வேண்டாம், டிக் போட்டதுமே பதிவாகிவிடும். போட்டும் பலன் இல்லையா? 'மல்டிபிஎச்பி மேனேஜர்' பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே அந்த டொமைனுக்குத் தனி வெர்ஷன் குறித்திருந்தால் செலக்டரின் பேச்சு எடுபடாது. 'இன்ஹெரிட்' என்று மாற்றிவிட வேண்டும்.

ஒவ்வொரு வெர்ஷனுக்கும் டிக் பட்டியல் தனித்தனி. 7.4-க்கான ஆதரவு 2022 நவம்பரிலும், 8.1-க்கானது 2025 டிசம்பரிலும் முடிந்தது. எனவே வெர்ஷன் ஏற்றாமல் இருக்க முடியாது. ஏற்றினால் பழைய டிக்குகள் கூடவே வராது. ஏற்றும் முன் எக்ஸ்டென்ஷன் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான்கு வருடத்தில் இதைவிட உதவிய பழக்கம் வேறில்லை.

வெர்ஷன் மாற்றியதும், தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் 'மைஎஸ்க்யூஎல் எக்ஸ்டென்ஷன் இல்லை' என்று நின்றால் பயப்பட வேண்டாம். 'மைஎஸ்க்யூஎல்ஐ', 'என்டி_மைஎஸ்க்யூஎல்ஐ' என்று தரவுத்தளத்தோடு பேச இரண்டு பெட்டிகள் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று மோதும். முதலாவதை எடுத்துவிட்டு இரண்டாவதற்கு மட்டும் டிக் போடுங்கள். இடையில் சில விநாடி தளம் விழும், ஆகவே கடைக்கு ஆர்டர் வரும் நேரத்தில் கை வைக்காதீர்கள்.

தமிழ்த் தளத்துக்கு உண்மையில் வேண்டியவை 'எம்பிஸ்ட்ரிங்', 'ஐஎன்டிஎல்' என்ற எக்ஸ்டென்ஷன்கள் இரண்டும். 'மலேசியா' என்ற சொல்லைச் சாதாரண நீள ஃபங்ஷன் 21 என்று எண்ணும், ஏனென்றால் யூடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். எம்பிஸ்ட்ரிங் எழுத்தையும் அதன் உயிர்க்குறியையும் தனித்தனியாக எண்ணி 7 என்னும். ஐஎன்டிஎல்-இன் கிராஃபீம் (கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்து) ஃபங்ஷன்தான் நாம் எண்ணுகிற மாதிரி 4 என்று சொல்லும். செய்திச் சுருக்கத்தைப் பைட் கணக்கில் வெட்டினால் கடைசியில் கேள்விக்குறிக் கட்டம் வரும். குறிக் கணக்கில் வெட்டினால் 'லே' வெறும் 'ல' ஆகிவிடும். (கிராஃபீமும் முழுச் சுத்தமில்லை, 'க்ஷ' அதற்கு இரண்டு எழுத்து.)

நன்கொடையாளர் பட்டியலிலும் இதே கதை. வெறும் வரிசைப்படுத்தல் மாறனை மாலாவுக்கு முன்னால் வைக்கும், கணினியின் யூனிகோட் எழுத்து வரிசையில் 'ற'வுக்குப் பிறகுதான் 'ல' என்பதால். நம் நெடுங்கணக்கில் மாலாவுக்குத்தான் முதலிடம். ஐஎன்டிஎல்-இன் 'கொலேட்டர்' சரியாக அடுக்கும். இவ்வளவு முக்கியமான பெட்டி பல இடங்களில் டிக் இல்லாமல் கிடப்பது ஏன் என்றுதான் புரியவில்லை.

தைப்பூசப் படம் ஏறவில்லை என்று ஆலயச் செயலாளர் கூப்பிட்டால் எக்ஸ்டென்ஷனைக் குடையாதீர்கள். பிஎச்பியின் இயல்பான பதிவேற்ற வரம்பு 2 எம்பி. கைப்பேசிப் படம் 4, 5 எம்பி வரும். பக்கத்திலுள்ள 'ஆப்ஷன்ஸ்' தாவலில் 'அப்லோட் மேக்ஸ் ஃபைல்சைஸ்' 16 ஆக்கி, 'போஸ்ட் மேக்ஸ் சைஸ்' அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, 20 என்று வையுங்கள். இரண்டாவதை மறந்தால் பெரிய படம் போனபோது படிவமே காலியாகப் போய்ச் சேரும்.

ரசீதை பிடிஎஃப் ஆக்க 'எம்பிடிஎஃப்' என்ற ஆயத்த நிரல் நூலகம் போதும். அதற்கு எம்பிஸ்ட்ரிங்கும், படங்களைக் கையாளும் 'ஜிடி'யும் வேண்டும். ஆனால் ஜிடியை வைத்துப் படத்தின் மேல் தமிழ் எழுத நினைத்தால் கொம்பு இடம் மாறி 'கொ' சிதறிப்போகும். பெரும்பாலான ஹோஸ்டிங்கில் உள்ள ஜிடிக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. அழைப்பிதழை வேறு மென்பொருளில் செய்து, முடிந்த படமாகவே ஏற்றிவிடுங்கள்.