நடாலோடு நிற்பதா, அல்கராஸ் பக்கம் போவதா?

மதுரை ரேஸ்கோர்ஸ் பக்கம் டென்னிஸ் ஆடிவிட்டு டீ குடிக்கிற எங்கள் செட்டு, 2024 பிரெஞ்சு ஓபனோடு ரெண்டாகப் பிரிந்தது. ஸ்பெயின் வீரர் நடால் முதல் சுற்றிலேயே ஜெர்மனிக்காரர் ஸ்வெரெவிடம் 6-3, 7-6, 6-3 என்று தோற்றார். அதே ஸ்வெரெவை இறுதிப் போட்டியில் ஐந்து செட் ஆடி வீழ்த்தினார் ஸ்பெயினின் இளம் வீரர் அல்கராஸ். "இனி நம்ம ஆளு இவன்தான் மாப்ள" என்று பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள்.

அதில் தப்பில்லை. அல்கராஸின் வேகமும், வலைக்குப் பக்கத்தில் பந்தை மெல்ல விழவைக்கிற டிராப் ஷாட்டும் பார்க்கப் பார்க்க அலுக்காது. பாரிஸ் ஒலிம்பிக்கில் நடாலும் அல்கராஸும் ஜோடியாக ஆடியபோது எங்களுக்குள் சண்டையே இல்லை.

ஆனாலும் என் ஓட்டு நடாலோடு நின்றவர்களுக்குத்தான். பிரெஞ்சு ஓபனின் அதே களிமண் தரையில் 14 பட்டம் வென்றவர், இடுப்பில் ஆபரேஷன் முடிந்து, 38 வயதை நெருங்கும்போது வந்து ஆடுகிறார். ரெண்டாவது செட்டில் 5-4 என முன்னிலையில் சர்வ் போட்டார். அந்த கேம் கைநழுவியும் விடவில்லை, 6-6 ஆனபின் செட்டை முடிவு செய்கிற டை-பிரேக்கர் வரை இழுத்தார். ஜெயிக்கிற காலத்தில் சுலபமாகத் தெரிந்த ஒவ்வொரு பாயிண்டுக்கும் எவ்வளவு பாடு என்பது அன்றுதான் புரிந்தது. அப்புறம் நவம்பரில் ஸ்பெயினின் மலகாவில், நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையில் அவருடைய கடைசி ஆட்டம். அதிலும் தோல்விதான். அதையும் கடைசி பந்து வரை பார்த்தோம்.