இஸ்பஹானில் புள்ளிகளை எண்ணாமல் பணம் கட்டிய கதை

ஈரானுக்கு டிக்கெட் போட்டிருப்பவர்கள் கடைத்தெருவுக்குள் நுழையும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

2024 பிப்ரவரியில், இந்தியர்கள் விமானத்தில் வந்தால் விசா இல்லாமல் 15 நாள் தங்கலாம் என்று ஈரான் அறிவித்தது (2025 நவம்பரில் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டார்கள்). அறிவிப்பு வந்த அடுத்த மாதமே நானும் வீட்டுக்காரரும் கிளம்பிவிட்டோம். டெஹ்ரானின் கோலஸ்தான் அரண்மனையில் மண்டபத்துக்கு மண்டபம் தனி டிக்கெட், வெளிநாட்டவருக்குக் கட்டணமும் அதிகம். அதில் ஏமாற்று ஒன்றுமில்லை, அறிவித்துத்தான் வாங்குகிறார்கள். நான் ஏமாந்தது இஸ்பஹானில், நக்‌ஷ்-இ-ஜஹான் சதுக்கத்தில்.

ஷா அப்பாஸ் கட்டிய அந்தச் சதுக்கம் அரை கிலோமீட்டர் நீளம், சுற்றிலும் கடைகள். ஷேக் லொத்ஃபொல்லா பள்ளிவாசலின் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே வந்தால் யாருக்கும் மனசு இளகித்தான் இருக்கும். அந்த நேரம் பார்த்து ஓர் இளைஞர் நல்ல ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தார். "இந்தியாவா? வாங்க, டீ சாப்பிடுங்க, எதுவும் வாங்க வேண்டாம்." போனோம்.

கடையில் கலம்கார் மேசைவிரிப்புகள். நம் ஊர்க் கலம்காரி என்ற பெயருக்கே மூலம் பாரசீகம்தானே, எனக்கு ஆசை வந்துவிட்டது. முழுக்கக் கைவேலை, மரக்கட்டை அச்சு என்றார் முதலாளி. விலை கேட்டதும் நெஞ்சில் கைவைத்து "காபெல் நதாரே" என்றார். உங்களுக்கு முன்னால் இதற்கு என்ன மதிப்பு என்பதுபோல ஓர் உபசார வார்த்தை. தாரோஃப் என்பார்கள். இலவசம் என்று பொருள் இல்லை. திரும்பக் கேட்டதும் "எட்டு மில்லியன்" என்றார்.

நான் போட்ட கணக்கு ரியாலில். அப்போது ஒரு டாலர் கிட்டத்தட்ட ஆறு லட்சம் ரியால். 80 லட்சம் ரியால் என்றால் நம் காசுக்கு ஆயிரத்துச் சொச்சம், சரி என்றேன். அவர் சொன்னது தோமான். ஒரு தோமானுக்குப் பத்து ரியால். அங்கே எல்லாரும் பேசுவது தோமானில், இயந்திரத்தில் தட்டுவது ரியாலில். புதிய பத்து லட்சம் ரியால் தாளில்கூட 100 மட்டும் பளிச்சென்று இருக்கும், மீதி நான்கு சுழியங்கள் மங்கலாக நிற்கும். குழம்பாமல் என்ன செய்வது?

பொருளாதாரத் தடைகளால் நம் விசா, மாஸ்டர் கார்டுகள் அங்கே செல்லாது. பயணிகளுக்கென்று தரும் உள்ளூர் கார்டில் 200 டாலர் ஏற்றி வைத்திருந்தோம். கடைக்காரர் கார்டை வாங்கித் தேய்த்துவிட்டு ரகசிய எண்ணைக் கேட்டார். அங்கே அதை வாய்விட்டுச் சொல்வதும் கடைக்காரரே தட்டுவதும் சர்வ சாதாரணம். ஊரோடு ஒத்துப்போகிறேன் பேர்வழி என்று நானும் சொல்லிவிட்டேன். ரசீதில் பாரசீக எண்கள். சுழியம் அங்கே வெறும் புள்ளி. எட்டுக்குப் பின்னால் ஆறு புள்ளியா, ஏழு புள்ளியா என்று நான் எண்ணவில்லை.

ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண்தான் எண்ணினார். ஏழு. எட்டுக் கோடி ரியால், அதாவது பதினோராயிரம் ரூபாய்.

மறுநாள் அந்தத் துணியைக் கெய்சரியே பஜாரில் அச்சடிக்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். கையில் துணி சுற்றிக்கொண்டு கட்டையின் தலையில் ஓங்கிக் குத்திக்கொண்டிருந்தார். தான் அச்சிட்ட துணியை விரித்து, கட்டையும் கட்டையும் சேரும் இடத்தில் கோடு ஒரு நூல் விலகியிருப்பதைத் தொட்டுக் காட்டினார். என் துணியில் அப்படி ஒரு விலகல்கூட இல்லை, புரட்டினால் பின்பக்கம் வெள்ளை வெளேர். மெஷின் அச்சு. அவர் ஒன்றும் சொல்லவில்லை, மடித்துக் கையில் கொடுத்தார்.

போகிறவர்கள் விலையைக் கடைக்காரரின் செல்போனில் தட்டிக் காட்டச் சொல்லுங்கள், ரியாலா தோமானா என்று கேளுங்கள். ரகசிய எண்ணை நீங்களே அழுத்துங்கள், அதற்கு முன் திரையில் புள்ளிகளை எண்ணுங்கள். கலம்கார் என்றால் முதலில் பின்பக்கம் பாருங்கள்.

கடைக்குத் திரும்பிப் போய்ச் சண்டை போடாமல் இல்லை. "தோமான் என்றுதானே சொன்னேன், மேடம்" என்று அதே புன்னகை. பணம் திரும்பவில்லை. இன்னொரு டீ வந்தது. அதற்கு எவ்வளவு என்று வேண்டுமென்றே கேட்டேன். நெஞ்சில் கைவைத்தார்.